ஃப்ரீ ஃபெனிடாயின் அளப்பது எப்படி: ரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் வரை

வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மருந்தின் ரத்த லெவல் 8 என்று ரிப்போர்ட் வருகிறது. அச்சிட்ட எல்லை லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. 'குறைவாக இருக்கிறது, எப்டாயின் (ஃபெனிடாயின்) ஒரு மாத்திரை கூட்டலாம்' என்று வார்டில் எழுதிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் நோயாளி நேராக நடக்க முடியாமல் சுவரைப் பிடிக்கிறார், கண் ஆடுகிறது, பேச்சு குழறுகிறது. அவருடைய ரத்தப் புரதமான ஆல்புமின் டெசிலிட்டருக்கு 1.9 கிராம்தான் என்பதை யாரும் பார்க்கவில்லை. தடுக்கக்கூடிய இந்தத் தவறைத் தடுக்கத்தான் ஃப்ரீ லெவல் பரிசோதனை இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஆய்வகங்களில் இதைச் செய்பவர்களுக்கும், இங்கே மாதிரி அனுப்பும் சிறிய ஊர் மருத்துவமனைகளுக்கும் இது உதவும்.

ரத்தத்தில் ஃபெனிடாயின் சுமார் 90 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டியிருக்கும். மூளைக்குள் நுழைந்து வேலை செய்வது ஒட்டாமல் இருக்கும் மீதி 10 சதவீதம்தான், இதைத்தான் ஃப்ரீ என்கிறோம். வழக்கமான பரிசோதனை இரண்டையும் சேர்த்து மொத்தமாக அளக்கிறது. ஆல்புமின் சரியாக இருப்பவருக்கு மொத்தம் 10 முதல் 20 என்றால் ஃப்ரீ 1 முதல் 2. ஆல்புமின் குறைந்தவருக்கு ஒட்ட இடம் இல்லை. மொத்தம் குறையும், ஃப்ரீ பங்கு 20, 25 சதவீதம் என்று ஏறும். மேலே சொன்ன நோயாளிக்கு ஃப்ரீ அளந்திருந்தால் 1.8 அல்லது 1.9 வந்திருக்கும். மருந்து போதும், கூட்டவே கூடாது.

இதோடு ஃபெனிடாயினுக்கே உரிய இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கிய பிறகு டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு வெகுவாகத் தாவும். நாளைக்கு 300-லிருந்து 400 மி.கி. என்பது தாளில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு, ரத்தத்திலோ இரட்டிப்பாகக்கூடும். அதனால்தான் தவறான எண்ணை நம்பி ஒரு மாத்திரை கூட்டுவது இந்த மருந்தில் மற்றவற்றைவிட ஆபத்து.

யாருக்குக் கேட்க வேண்டும்

எல்லோருக்கும் வேண்டாம். ஆல்புமின் 3.5-க்கு மேல், சிறுநீரகம் சரி, வேறு மருந்து இல்லை என்றால் மொத்த அளவே போதும், காசு மிச்சம். கேட்க வேண்டியவர்கள்: சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ரோட்டிக் நோயாளிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், தீக்காயம் பட்டவர்கள், ஐசியூவில் நாள் கணக்கில் கிடப்பவர்கள், கர்ப்பிணிகள், நன்றாகச் சாப்பிடாத முதியவர்கள், காசநோயில் இளைத்துப் போனவர்கள். ஃபெனிடாயினோடு இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் சாப்பிடுபவர்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். வால்ப்ரோயேட் ஃபெனிடாயினை ஆல்புமினிலிருந்து தள்ளிவிடுகிறது, கல்லீரலில் அது உடைவதையும் தடுக்கிறது. மொத்தம் குறைவாகவும் ஃப்ரீ அதிகமாகவும் ஒரே நேரத்தில் இருப்பது இவர்களிடம் சாதாரணம்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாக எடுத்து 2006-ல் வெளியான கணக்கெடுப்பில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி காரணமாக இருந்தது. இவர்களுக்கு ஃபெனிடாயினோடு புழுவுக்கு அல்பெண்டசோலும் வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோனும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஃபெனிடாயின் அந்த இரண்டின் அளவையும் குறைத்துவிடும். மூளையில் காசநோய்க் கட்டி என்றால், அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஐசோனியாசிட் ஃபெனிடாயினை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். எனவே கோரிக்கைப் படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எண்ணைப் படிப்பவருக்கு அந்தக் கட்டம்தான் பாதி விடை.

கணக்குப் போட்டால் போதாதா?

ஃப்ரீ அளக்க வசதியில்லாத இடத்தில் ஷைனர்–டோசர் கணக்கு இருக்கிறது. மொத்த அளவை, (0.2 பெருக்கல் ஆல்புமின்) கூட்டல் 0.1 என்பதால் வகுக்க வேண்டும். ஆல்புமின் டெசிலிட்டருக்குக் கிராமில். மொத்தம் 8, ஆல்புமின் 1.9 என்றால் கீழே 0.48. விடை 16.7. அதாவது ஆல்புமின் சரியாக இருந்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 17 காட்டியிருக்கும். சிறுநீரகம் முற்றிலும் கெட்டு, கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்) நிமிடத்துக்கு 10 மி.லி.க்குக் கீழ் இருந்தால் 0.2-க்குப் பதில் 0.1 போட வேண்டும். அதே நோயாளிக்கு அப்போது 27.6 வரும். ஒரே ரிப்போர்ட், எந்தக் கெழுவைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து 17-ம் வருகிறது 28-ம் வருகிறது. வால்ப்ரோயேட்டும் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு பயன்படாது, ஐசியூ நோயாளிகளிடமும் அடிக்கடி தவறும். இரவு 2 மணிக்கு டோஸ் கூட்டாமல் கையைப் பிடித்து நிறுத்த இது உதவும். காலையில் ஃப்ரீ அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

ரத்தம் எடுப்பது

நேரம் முதலில். மாத்திரை சாப்பிடுபவருக்கு அடுத்த டோஸுக்குச் சற்று முன், பெரும்பாலும் காலை மாத்திரைக்கு முன். டோஸ் மாற்றிய பின் குறைந்தது 7 முதல் 10 நாள் கழிய வேண்டும், அதற்குள் எடுத்த எண் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் எண். நரம்பில் லோடிங் (தொடக்கத்தில் ஒரே தடவையாகக் கொடுக்கும் பெரிய டோஸ்) கொடுத்திருந்தால் ஊசி முடிந்து 2 மணி நேரம் கழித்து. உடம்புக்குள் ஃபெனிடாயினாக மாறும் ஃபாஸ்ஃபெனிடாயின் கொடுத்திருந்தால் நரம்பு ஊசிக்கு 2 மணி, தசை ஊசிக்கு 4 மணி கழித்துத்தான். அதற்கு முன் எடுத்தால், இன்னும் மாறாத ஃபாஸ்ஃபெனிடாயினையும் கருவி ஃபெனிடாயின் என்று எண்ணிக் கூடுதலாகக் காட்டும்.

டியூப்: ஜெல் இல்லாத சாதாரண சிவப்பு மூடி டியூப். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மஞ்சள் மூடி ஜெல் டியூபில் அந்த ஜெல்லே ஃபெனிடாயினை உறிஞ்சும். ரத்தம் குறைவாக இருக்க இருக்க, ஜெல் மேல் நிற்கும் நேரம் கூடக் கூட, உறிஞ்சுவதும் கூடும். குடியாத்தத்தில் காலை 7 மணிக்கு ஜெல் டியூபில் எடுத்து மதியம் வேலூர் வந்து சேரும் மாதிரியில் வரும் குறைந்த எண்ணுக்கு நோயாளியின் உடம்பு காரணமல்ல. பெரியவர்களுக்கு 5 மி.லி. எடுத்து டியூபை நிரப்புங்கள்.

எதிலிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மருந்து ஏறும் லைனிலிருந்து எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டு வைத்த லைனிலிருந்தும் எடுக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஹெப்பாரின் உடம்புக்குள் போனால் கொழுப்பை உடைக்கும் நொதி கிளம்புகிறது, கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன, அவை ஆல்புமினில் இடம் பிடித்து மருந்தைத் தள்ளிவிடுகின்றன. எடுத்த பிறகு டியூபுக்குள்ளும் இந்த வேலை தொடரும். எனவே டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெப்பாரின் கொடுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். டயாலிசிஸ் முடிந்து எடுத்த ரத்தத்தில் ஃப்ரீ அதிகம் என்று வந்தால் அந்த எண்ணை வைத்து மருந்தைக் குறைக்காதீர்கள், மறுபடி எடுங்கள்.

உறையவிட 30 முதல் 45 நிமிடம், பிறகு 1500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு விசை) வேகத்தில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்தெடுங்கள். எடுத்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் பிரிந்திருக்க வேண்டும். சீரத்தைச் சிறிய பாலிபுரொப்பிலீன் குழாயில், விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடுங்கள். பெரிய குழாயின் அடியில் சொட்டுச் சீரத்தை ஊற்றி வைத்தால், மேலே இருக்கும் காற்றுக்கு அதன் கரியமில வாயு போய்விடும். பிஎச் (காரத்தன்மை) ஏறும், ஒட்டும் பங்கு மாறும். இந்த மாற்றத்தைப் பின்னால் சரி செய்ய முடியாது.

குளிர்ச்சியின் கதை வேறு. ஆம்பூரிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ ஐஸ் பெட்டியில் வரும் சீரத்தில் மருந்து ஆல்புமினோடு இறுகி ஒட்டியிருக்கும். அறை வெப்பத்துக்கு வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனவே 2 முதல் 8 டிகிரியில் அனுப்புவதில் தவறில்லை. பிரிக்காத முழு ரத்தத்தை ஐஸ் பொதியை ஒட்டி வைப்பதுதான் தவறு, செல்கள் உடையும். மறுநாளுக்குள் செய்ய முடியாவிட்டால் சீரத்தை உறையவைத்துவிடுங்கள், ஒரே ஒரு முறை. உருக்கி, மீண்டும் உறையவைத்த மாதிரி இந்தப் பரிசோதனைக்கு ஆகாது.

வடிகட்டுவது

இந்தப் பரிசோதனையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மருந்தை அளக்கும் ஆனலைசர் எவ்வளவு விலையானாலும், வடிகட்டி இறங்கிய நீரில் இருப்பதைத்தான் அது படிக்கும்.

வடிகட்டும் கருவி எளியது: மேலே ஒரு கிண்ணம், நடுவே 30,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவுள்ள சவ்வு, கீழே சிறு குப்பி. சுற்றும்போது நீரும் ஒட்டாத மருந்தும் சவ்வைக் கடந்து இறங்கும். ஆல்புமின் 66,000 டால்டனுக்கு மேல், அது மேலேயே நிற்கும்.

சீரத்தை முதலில் 25 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள், பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, ஊற்றாதீர்கள். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். 0.8 முதல் 1 மி.லி. வரை கிண்ணத்தில் விடுங்கள். பிப்பெட் நுனி சவ்வில் படக் கூடாது, ஒரு கீறல் போதும் புரதம் இறங்க. குமிழி சவ்வின் மேல் நின்றால் வடிவது மெதுவாகும். மூடி போட்டே சுற்றுங்கள்.

சுற்றுவது சாய்ந்த துளைகள் உள்ள நிலைக் கோண ரோட்டரில் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகம்). ஆடும் வாளி ரோட்டரில் புரதம் சவ்வின் மேல் படிந்து அடைக்கும். வேகம் 1000 முதல் 2000 ஜிக்குள், 20 முதல் 30 நிமிடம். பழைய சென்ட்ரிஃபியூஜில் ஜி காட்டாது, சுற்றுகள் மட்டும் காட்டும். அப்போது கணக்கு: ஜி சமம் 0.00001118 பெருக்கல் ஆரம் சென்டிமீட்டரில் பெருக்கல் சுற்று எண்ணிக்கையின் வர்க்கம். ஆரம் 10 செ.மீ. என்றால் 1500 ஜிக்கு நிமிடத்துக்குச் சுமார் 3660 சுற்று. ஆரம் 15 செ.மீ. என்றால் 2990. பக்கத்து ஆய்வகத்தில் 3500 வைக்கிறார்கள் என்று நாமும் 3500 வைப்பது அர்த்தமில்லாத வேலை, ரோட்டர் ஆரத்தை அளந்து பாருங்கள்.

இப்போது வெப்பநிலை. சூடு கூடினால் ஆல்புமினின் பிடி தளரும், ஃப்ரீ கூடும். குளிர்ந்தால் குறையும். 37 டிகிரியில் வடித்த எண் 25 டிகிரியில் வடித்ததைவிடத் தெளிவாக அதிகமாக இருக்கும், நோயாளி ஒருவரேதான், ரத்தமும் ஒன்றேதான். எந்த வெப்பநிலை என்பதில் இரு கருத்து இருக்கலாம், ஆனால் தேர்ந்த வெப்பநிலையும் ரிப்போர்ட்டில் அச்சிடும் எல்லையும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 25 டிகிரி எல்லையை அச்சிட்டுவிட்டு அக்னி நட்சத்திர மதியத்தில், குளிரூட்டல் இல்லாத சென்ட்ரிஃபியூஜில் வடித்தால், மே மாதம் முழுக்க ஃப்ரீ ஃபெனிடாயின் அதிகம் என்றே ரிப்போர்ட் போகும். வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும் நாட்களில் அறையே 35 இருக்கும். மோட்டார் சூடு அதற்கு மேல். ஏசி அறை என்று நம்பியிருந்தாலும் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்போது ஏசி அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் இருக்காது.

குளிரூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் 25 என்று வைத்து, காலி ரோட்டரை 10 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு மாதிரியை வையுங்கள். காலையில் 4 டிகிரியில் வேறு வேலை செய்துவிட்டு உடனே இதற்கு மாற்றினால் ரோட்டரின் உலோகம் இன்னும் குளிர்ந்திருக்கும், திரையில் 25 காட்டினாலும். சோதிக்க எளிய வழி: 1 மி.லி. தண்ணீர் ஊற்றிய குழாயையும் கூடவே சுற்றி, நின்றவுடன் மெல்லிய தெர்மாமீட்டர் நுனியை அதில் வைத்துப் படியுங்கள். 24-க்கும் 26-க்கும் வெளியே போனால் அந்தச் சுற்றின் முடிவை வெளியே விடாதீர்கள். படித்த எண்ணை நோட்டில் எழுதுங்கள், வாரம் ஒரு முறையாவது.

எவ்வளவு வடிய வேண்டும்? 200 முதல் 300 மைக்ரோலிட்டர். ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வடித்தால் மேலே மிஞ்சும் சீரம் கெட்டிப்பட்டு, ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு நிலையில் நிற்கும், ஒப்பிட முடியாது. ஆல்புமின் மிகக் குறைந்தவரின் சீரம் தண்ணீர் போல வேகமாக இறங்கும், அவருக்கு 15 நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். மைலோமா (ரத்தத்தில் புரதம் மிகும் ஒரு புற்றுநோய்) போன்ற கெட்டிச் சீரம் இறங்காது, இன்னொரு 10 நிமிடம் கொடுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

இறங்கிய நீரை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள், தெளிவாக இருக்க வேண்டும். பிறகு சிறுநீர்ப் புரதப் பட்டையில் ஒரு சொட்டு விடுங்கள். நிறம் மாறினால் சவ்வு கசிந்திருக்கிறது. ஆல்புமின் இறங்கினால் அதோடு ஒட்டிய மருந்தும் இறங்கியிருக்கும், எண் பொய்யாக ஏறும். கொட்டிவிட்டுப் புதிய கருவியில் மறுபடி செய்யுங்கள். இந்த ஒரு சொட்டை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வடித்த நீரை உடனே மூடுங்கள். ஃபேன் காற்றில் திறந்து கிடக்கும் 200 மைக்ரோலிட்டர் வேகமாக ஆவியாகி மருந்து செறிவாகும்.

கருவியில் ஓட்டுவது

மொத்த ஃபெனிடாயினுக்கான அமைப்பில் இந்த நீரைப் போடக் கூடாது. மொத்த அளவுக்கான கேலிப்ரேட்டர் (கருவிக்கு அளவு சொல்லித்தரும் திரவம்) புரதம் கலந்தது, 40 மி.கி. வரை போவது. நாம் படிக்க வேண்டியதோ 0.5-க்கும் 4-க்கும் இடையில், புரதமே இல்லாத நீரில். அந்த அமைப்பின் அடிமட்டத்தில் 1.2-ம் 1.9-ம் ஒன்று போலத் தெரியும். ஃப்ரீ ஃபெனிடாயினுக்கென்றே தயாரித்த கேலிப்ரேட்டரும் கன்ட்ரோலும் (விடை முன்பே தெரிந்த சோதனை மாதிரி) வாங்குங்கள். சிறு கிண்ணத்தில் ஊற்றி, கருவி உறிஞ்சாமல் அடியில் விடும் அளவையும் கணக்கில் கொண்டு, முடிந்தால் இரு முறை ஓட்டுங்கள்.

கருவிக் கன்ட்ரோல் சரியாக வந்தால் ஆனலைசர் சரி என்றுதான் பொருள், வடிகட்டியது சரி என்று பொருளல்ல. இதைப் பலர் மறக்கிறார்கள். புரதம் உள்ள கன்ட்ரோல் சீரம் ஒன்றை நோயாளி மாதிரியோடு சேர்த்துத் தினமும் வடித்து ஓட்டுங்கள். புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வடிகட்டி வந்தால், பிஎச் 7.4 பஃபரில் லிட்டருக்கு 2 மி.கி. ஃபெனிடாயின் கரைத்து, வடிக்காமல் ஒன்றும் வடித்து ஒன்றும் ஓட்டிப் பாருங்கள். வடித்ததில் குறைந்தால் சவ்வே மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. உயிர்வேதியியலுக்கு நாடெங்கும் ஆய்வகங்கள் பங்கேற்கும் வெளித் தரச்சோதனைத் திட்டம் வேலூர் சிஎம்சியிலிருந்துதான் நடக்கிறது. நீங்கள் சேர்ந்திருக்கும் திட்டத்தில் ஃப்ரீ மருந்துக்கு மாதிரி வராவிட்டால், இதே பரிசோதனை செய்யும் இன்னோர் ஆய்வகத்தோடு மாதாமாதம் இரண்டு சீரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் கெட்டவர்களிடம் ஃபெனிடாயினின் கழிவுப்பொருள் தேங்கும், சில இம்யூனோஅசே ரீஏஜென்ட்கள் (எதிர்ப்பொருள் கொண்டு மருந்தை அளக்கும் திரவங்கள்) அதையும் எண்ணிவிடும். உங்கள் ரீஏஜென்ட் தாளில் இந்தக் குறுக்கீடு பற்றி எழுதியிருக்கும், முதல் நாளே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்

ஃப்ரீ எண் மட்டும் அச்சிடாதீர்கள். ஒரே சீரத்தில் மொத்தம், ஃப்ரீ, ஃப்ரீ சதவீதம், ஆல்புமின், ரத்தம் எடுத்த நேரம், கடைசி டோஸ் நேரம், வடித்த வெப்பநிலை எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். சதவீதம் நமக்கே ஒரு காவல். ஆல்புமின் 4.2 உள்ள, வேறு மருந்து எடுக்காத நோயாளிக்கு ஃப்ரீ 22 சதவீதம் வந்தால் வெளியே விடுமுன் சவ்வு, வெப்பநிலை, ஹெப்பாரின் மூன்றையும் பாருங்கள். ஆல்புமின் 1.8 உள்ளவருக்கு 8 சதவீதம் வந்தாலும் அப்படியே, குளிர்ந்த ரோட்டர் முதல் சந்தேகம். ஃப்ரீ 2-ஐத் தாண்டினால் கண் ஆட்டம், 3-க்கு மேல் தள்ளாட்டம், 4-க்கு மேல் மயக்கக் குழப்பம் என்பது தோராயமான வரிசை. 2-ஐத் தாண்டியதும் வார்டுக்கு ஃபோன் செய்யுங்கள், தாள் போய்ச் சேரும்வரை அடுத்த டோஸ் காத்திருக்காது.

மருத்துவர் டோஸ் கூட்டுவதானால், ஆல்புமின் சரியாக இருப்பவரிடம் மொத்தம் 7-க்குக் கீழ் என்றால் நாளைக்கு 100, 7 முதல் 12 என்றால் 50, 12-க்கு மேல் 30 மி.கி. அல்லது அதற்கும் குறைவு என்பது நடைமுறை. ஆல்புமின் குறைந்தவரிடம் ஃப்ரீயைப் பத்தால் பெருக்கி அதே ஏணியைப் பயன்படுத்தலாம்.

மற்ற மருந்துகள்

வால்ப்ரோயேட்டுக்கு இதே முறைதான், ஆனால் அதன் குணம் தனி. மொத்தம் 50 முதல் 100, ஃப்ரீ பெரும்பாலும் 5 முதல் 15 என்று கொள்கிறார்கள். மருந்து கூடக் கூட ஆல்புமினில் இடம் நிரம்பிவிடுவதால் ஃப்ரீ சதவீதமும் கூடவே ஏறும்: மொத்தம் 40-ல் 10 சதவீதம், 130-ல் 18 சதவீதம் வரை. ஐசியூ நோயாளிகளிடம் பாதிக்கு மேல் ஃப்ரீயாக இருப்பதும் உண்டு. மொத்தம் 60, ஆல்புமின் 2, நோயாளி தூங்கி வழிகிறார், அம்மோனியா ஏறியிருக்கிறது என்றால் ஃப்ரீ அளக்காமல் 'லெவல் நார்மல்' என்று சொல்லாதீர்கள். இதற்கு நம்பத்தக்க கணக்குச் சூத்திரம் கிடையாது. ஆஸ்பிரினும் இதைத் தள்ளிவிடும். கொழுப்பு அமிலங்களோடு இதன் அளவும் நாள் முழுக்க மாறும், எனவே காலை டோஸுக்கு முன் எடுப்பது இங்கே இன்னும் கண்டிப்பு.

மற்ற வலிப்பு மருந்துகளில் கார்பமசெபின் சுமார் 75 சதவீதம் ஒட்டும், மொத்தம் 4 முதல் 12 வரை போதும், ஃப்ரீ அரிதாகத்தான் தேவை. ஃபீனோபார்பிட்டோன் பாதிதான் ஒட்டும். லெவெடிராசெட்டாம் 10 சதவீதம்கூட ஒட்டாது, கபாபென்டின் ஏறத்தாழ ஒட்டுவதே இல்லை. இவற்றுக்கு ஃப்ரீ லெவல் கேட்டு படிவம் வந்தால் அனுப்பியவரை அழைத்துப் பேசி, மொத்த அளவாக மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளி குடும்பத்துக்கு ஒரு வடிகட்டியின் விலையாவது மிஞ்சும்.